எந்தக் காலத்து எட்டாவது?

"அந்தக் காலத்து எட்டாவது இந்தக் காலத்து பி.ஏ.வுக்குச் சமம்" என்ற பேச்சைக் கேட்காத குடும்பம் தமிழ்நாட்டில் இருக்காது. கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது பேச்சு பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பினால், யாராவது ஒரு பெரியவர் இதைச் சொல்லிவிடுவார். கூடவே ஒரு சான்றும் வரும். எட்டாவது முடித்த அவருடைய அப்பா கலெக்டர் ஆபீசுக்கு இங்கிலீஷில் மனு எழுதுவார், எம்.காம். படித்த பேரனுக்கு ஒரு லீவ் லெட்டர் எழுத வரவில்லை.

நானும் இதை நெடுநாள் நம்பினேன். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. எங்கள் தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருந்த தாத்தா மூன்றாம் வகுப்போடு நின்றவர். சீட்டில் பதினைந்து சாமான்களுக்கு விலை போட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, மேலிருந்து கீழே ஒருமுறை பார்ப்பார். கூட்டுத்தொகை வந்துவிடும். கால்குலேட்டரில் சரிபார்த்த கல்லூரி மாணவர்கள் அவரிடம் தோற்றுப்போனதை நான் பார்த்திருக்கிறேன். பழைய கதை சொல்லும்போது அவர் வாயில் ஒரு விலை வரும்: "மூன்றே முக்காலே அரைக்காலே மாகாணி." சிறுவயதில் அது எனக்கு ஏதோ மந்திரம் போலிருந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முக்கால் என்பது பதினாறில் பன்னிரண்டு பங்கு. அரைக்கால் இரண்டு பங்கு. மாகாணி ஒரு பங்கு. மொத்தம் பதினைந்து. ரூபாய்க்குப் பதினாறு அணா என்றிருந்த காலத்தில் அது மூன்று ரூபாய் பதினைந்து அணா. மாகாணி என்ற சொல்லுக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் பதினாறில் ஒன்று.

இந்தக் கணக்குகள் திண்ணைப் பள்ளியிலிருந்து வந்தவை. பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதுவான், பிறகு ஓலையில். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி என்று ஒரு பக்கம். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து என்று கணக்கு மறுபக்கம். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அந்த முந்திரியையும் 320ஆகப் பிரித்தால் கீழ்முந்திரி. 1,02,400இல் ஒரு பங்கைப் பெயர் சொல்லி அழைக்க ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. விடியற்காலையில் சட்டாம்பிள்ளை முன்னால் சொல்ல, மற்றவர்கள் பின்னால் சொல்வார்கள். உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் இந்தப் பள்ளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே கிடைத்த அடியும் அதில் இருக்கிறது.

"ஆறரைப் படி அரிசி, படி மூன்றரை அணா, என்ன விலை?" என்று கேட்டால் அந்தப் பிள்ளை யோசிக்காமல் "ஒரு ரூபாய் ஆறே முக்கால் அணா" என்பான். இன்றைய எட்டாம் வகுப்பு மாணவனுக்குத் தாளும் பேனாவும் வேண்டும். இதை மட்டும் வைத்துப் பார்த்தால் பெரியவர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை.

ஆனால் அந்தக் கணக்கு எதற்காகக் கற்பிக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். நெல் அளக்க, நிலம் அளக்க, வட்டி போட, தீர்வை கட்ட. நாழியும் குறுணியும் கலமும் புழங்கிய களத்து மேட்டில் நெல்லிலக்கம் தெரியாதவன் ஏமாந்துபோவான். 1957 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் படியும் வீசையும் போய்க் கிலோவும் லிட்டரும் வந்தன. பதினாறின் மேல் கட்டியிருந்த ஒரு முழு அறிவு சந்தையில் செல்லாக்காசானது. இதைத் தரம் தாழ்ந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு தலைமுறைக்குக் கை வந்த கலை அடுத்த தலைமுறைக்கு வேண்டியிருக்கவில்லை. இழப்புதான், மறுக்கவில்லை. எண்களைத் தலைக்குள் வைத்து உருட்டும் பழக்கம் போனதற்கு இன்றும் நான் வருத்தப்படுகிறேன். ஆனால் பதினொன்றாம் வகுப்பில் நுண்கணிதம் படிக்கும் பெண்ணை மாகாணி தெரியாததற்காகத் தாழ்ந்தவள் என்று எடை போட முடியாது.

அடுத்து, யார் படித்தார்கள் என்ற கேள்வி. சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். மாவட்டக் கலெக்டர்கள் அனுப்பிய விவரங்களை 1826இல் தொகுத்தபோது மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தது தெரிந்தது. மக்கள்தொகை ஒரு கோடியே 28 லட்சத்துக்கு மேல். அப்படியானால் ஏறக்குறைய 68 பேருக்கு ஒருவர்தான் பள்ளியில் இருந்தார். வீட்டிலேயே படித்தவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை கூடும் என்று மன்றோவே எழுதினார். எப்படிச் சேர்த்தாலும் பெண் குழந்தைகள் மிகக் குறைவு. ஊர்க்கோடிக் குடியிருப்புகளின் பிள்ளைகள் திண்ணையில் ஏறவே முடியாது. தர்மபால் இந்த ஆவணங்களை 1983இல் நூலாக வெளியிட்ட பிறகு, பழைய கல்வி எவ்வளவு பரந்திருந்தது என்று பெருமையோடு பலர் பேசினார்கள். அந்தக் காலத்து உலகத்தோடு ஒப்பிட்டால் அந்தப் பெருமையில் நியாயம் இருக்கிறது. ஆனால் திண்ணையின் தரத்தைப் பேசும்போது திண்ணைக்குக் கீழே நின்றவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. அதன் மெட்ரிகுலேஷன் தேர்வு கல்லூரியின் வாசற்கதவானது. பள்ளிப் படிப்பின் தரம் என்றால் தேர்வில் தேறுவது என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியது அப்போதிருந்துதான். அந்த வாசலைத் தாண்டியும் உள்ளே வடிகட்டப்பட்டவர்களில் ஒருவர் ராமானுஜன். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தவறி, உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. என்ற இடைநிலைத் தேர்வில் தேறவில்லை. உலகம் கண்ட பெரிய கணித மேதைகளில் ஒருவரை ஒரு தேர்வு 'போதாது' என்று சொல்லி அனுப்பியது. தேர்வு கடினமாக இருந்தது என்பதற்கு இதைச் சான்றாகச் சொல்லலாம். கடினமாக இருந்ததால் சரியாக அளந்தது என்று மட்டும் சொல்ல முடியாது.

என் சொந்தத் தாத்தாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. கெட்டி அட்டை, ஓரங்களைக் கரையான் தின்றிருக்கிறது. பிறந்த தேதி, அங்க அடையாளங்கள் (வலது முழங்காலில் தழும்பு), வகுப்பு வாரியாக மதிப்பெண்கள், தலைமை ஆசிரியரின் சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்து. இங்கிலீஷில் நூற்றுக்கு 47. அந்த 47ஐ வைத்துக்கொண்டு அவர் வாழ்நாள் முழுக்க ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார், பேப்பர் படித்தார். இன்று 90 வாங்குகிறவர்களில் எத்தனை பேரால் அது முடியும் என்று எனக்குச் சந்தேகம். ஆக, மதிப்பெண்ணின் விலை இறங்கியிருக்கிறது என்பதில் எனக்கும் ஐயமில்லை.

ஆனால் அந்தப் புத்தகம் கிடந்த டிரங்குப் பெட்டியில் அவருடைய வகுப்பு குரூப் போட்டோவும் இருந்தது. எண்ணிப் பார்த்தேன். இருபத்தொன்பது பையன்கள், ஆறு ஆசிரியர்கள், ஒரு பியூன். பெண் ஒருத்திகூட இல்லை. அந்த வட்டாரத்துக்கே அது ஒன்றுதான் உயர்நிலைப் பள்ளி. தாத்தாவின் சொந்த அக்கா, அவரைவிடக் கெட்டிக்காரி என்று அவரே சொல்வார், மூன்றாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர். அந்தப் புகைப்படத்தில் இருக்கிறவர்களை மட்டும் பார்த்துத்தான் "அந்தக் காலத்துப் படிப்பு" என்று நாம் பேசுகிறோம்.

இல்லாதவர்களின் கணக்கும் ஒன்று இருக்கிறது. 1929இல் வந்த ஹார்டாக் குழுவின் அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவில் 1922-23இல் முதல் வகுப்பில் இருந்த நூறு பிள்ளைகளில் மூன்றாண்டு கழித்து நான்காம் வகுப்பில் இருந்தவர்கள் 18 பேர் என்றது. மீதி 82 பேர் எங்கே? ஃபெயில் ஆகி அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அல்லது மாடு மேய்க்கப் போனார்கள், தம்பியைத் தூக்கிவைத்துக்கொள்ளப் போனார்கள். இந்தப் பதினெட்டிலிருந்து இன்னும் வடிகட்டி, வடிகட்டி, மிஞ்சியவர்கள்தான் எட்டாவதுக்கு வந்தார்கள். அவர்களை இன்று பள்ளிக்கு வரும் எல்லாப் பிள்ளைகளோடும் ஒப்பிடுவது, விதைக்கென்று எடுத்துவைத்த நெல்லைக் களத்தில் கிடக்கும் முழு நெல்லோடு ஒப்பிடுவது மாதிரி.

1951 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். 2011இல் ஐந்தில் நால்வர். நடுவில் நடந்தவற்றை நாம் அறிவோம்: காமராசர் ஆட்சியில் ஊர் ஊராகத் திறந்த ஓராசிரியர் பள்ளிகள், 1956இல் தொடங்கிப் பரவிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, இலவசப் பாடநூல், சீருடை, பஸ் பாஸ், சைக்கிள். 2024இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை 7 லட்சத்து 60 ஆயிரம் பேர் எழுதினார்கள், 94.56 விழுக்காட்டினர் தேறினார்கள். தேர்ச்சியில் பெண்கள் ஆண்களை முந்தினார்கள். தாத்தாவின் அக்காவுக்குக் கிடைக்காதது அவர் வீட்டுக் கொள்ளுப்பேத்திகளுக்குக் கிடைத்தது. தரம் பற்றிய எந்தப் பேச்சையும் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

தொடங்குவேன், அங்கேயே நிற்க மாட்டேன். ஏனென்றால் 94 விழுக்காடு என்ற எண்ணுக்குள் வேறொரு கதை இருக்கிறது.

1978இல் பதினோராண்டு எஸ்.எஸ்.எல்.சி.யும் பி.யூ.சி.யும் போய், பத்தாவதும் பிளஸ் டூவும் வந்தன. எண்பதுகளில் தனியார் பொறியியல் கல்லூரிகள் முளைத்தன. 1984இலிருந்து தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய தடை என்ற நியாயமான காரணத்தால் 2007இல் அரசு அதைச் சட்டம் போட்டு நீக்கியது. அன்றிலிருந்து பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே வாழ்க்கையின் சாவியானது. கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது என்று சுருக்கி, 200க்குக் 'கட்-ஆஃப்'. கால் மதிப்பெண்ணில் கல்லூரி மாறும்.

இதற்கென்றே ஒரு தொழில் வளர்ந்தது. நாமக்கல், ராசிபுரம் பக்கம் உறைவிடப் பள்ளிகள் பெருகின. பல பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொட மாட்டார்கள். இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் 'போர்ஷன்'தான். காலை ஐந்தரைக்கு 'ஸ்டடி', இரவு பத்து வரை 'ரிவிஷன்'. வினாத்தாளுக்கு 'புளூபிரிண்ட்' இருந்தது: எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே தெரியும். எந்தப் பாடத்தைப் படிக்காமல் விடலாம் என்பதும் அதிலேயே தெரியும். பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விகளையும் பழைய வினாத்தாள்களையும் உருப்போட்டால் 'சென்டம்' நிச்சயம் என்றானது.

விடைத்தாள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் பயிற்சி. தலைப்புக்குக் கருப்புப் பேனா, அடிக்கோடு, விடை முடிந்தால் ஒரு கோடு. புத்தகத்தில் உள்ள அதே சொல், அதே வரிசை. ஒரு மாணவி சொந்த வாக்கியத்தில் சரியான விடை எழுதி இரண்டு மதிப்பெண் இழந்ததை நான் அறிவேன். அந்தத் தாளை என்னிடம் காட்டிய அவள் அப்பா, "புத்தகத்துல இருக்கற மாதிரியே எழுதியிருக்கலாம்ல?" என்று அவளைத்தான் கோபித்துக்கொண்டார்.

உச்சியில் எல்லாரும் முட்டிக்கொண்டார்கள். 2015 பத்தாம் வகுப்புத் தேர்வில் 41 பேர் 500க்கு 499 வாங்கி முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். பொறியியல் தரவரிசையில் கட்-ஆஃப் சமமானால் கணக்கு மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று பார்த்து, அதுவும் சமமானால் பிறந்த தேதி, அதற்கும் மேலே கணினி கொடுக்கும் எண் என்று போக வேண்டியிருந்தது. மாணவர்களை வேறுபடுத்திப் பார்க்கப் பிறந்த தேதி தேவைப்படும் நிலைக்கு ஒரு தேர்வு வந்துவிட்டது என்றால், அது அளவுகோலாக இருப்பதை நிறுத்திவிட்டது.

மறுமுனையில் 'நூறு சதவீதத் தேர்ச்சி'ப் பலகைக்காக ஒன்பதாம் வகுப்பிலேயே தேறாதவர்களுக்கு டி.சி. கொடுத்து அனுப்பும் பழக்கம். பழைய சல்லடை ஒழிந்துவிட்டது என்று நினைத்தோம். அது பத்தாவதிலிருந்து ஒன்பதாவதுக்குப் போய், யார் கண்ணிலும் படாமல் வேலை செய்தது. முன்பு ஃபெயில் ஆனவனுக்கு அக்டோபர் அட்டெம்ப்ட் இருந்தது, ஊருக்கு ஒரு டுடோரியல் இருந்தது, விழுந்து எழுந்தவர்களின் கதைகள் இருந்தன. ஒன்பதாவதில் டி.சி. வாங்கியவனுக்கு அதுவும் இல்லை.

2017இல் அரசு சிலவற்றைத் திருத்தியது. முதல், இரண்டாம் இடம் அறிவிப்பதை நிறுத்தியது. பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தது, புளூபிரிண்ட் போனது. பத்தாண்டுகளுக்கும் மேலாக மாறாமல் கிடந்த மேல்நிலைப் பாடநூல்கள் 2018-19இலிருந்து மாறின. புதிய நூல்களைப் புரட்டியபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அறிவியலில் ஆழம் இருந்தது; தமிழ்ப் பாடநூல்கள் கைக்கு அழகாக இருந்தன. அதே சமயம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த நூல்களின் தரம் தாத்தா படித்த எதையும்விட மேலே இருக்கிறது. அவர் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியபோது டி.என்.ஏ.யின் வடிவமே கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. எழுதிவைத்த தரம் தலைமுறைக்குத் தலைமுறை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. புத்தகம் ஏறிய வேகத்தில் பிள்ளை ஏறினாளா என்பதுதான் கேள்வி.

அதற்கு வெளியிலிருந்து ஒரு விடை வந்தது. 15 வயது மாணவர்களுக்கான பீசா என்ற பன்னாட்டுத் தேர்வின் 2009ஆம் ஆண்டுச் சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 கடைசியில் முடிவு வந்தது. 74 இடங்களில் தமிழ்நாட்டுக்கும் இமாச்சலத்துக்கும் கிர்கிஸ்தானுக்கும்தான் கடைசி வரிசை. வாசிப்பில் அடிப்படை நிலையை எட்டியவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 17 பேர். அதே ஆண்டுகளில் நம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி எண்பது விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. கேள்விகள் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாதவை, ஒப்பிடப்பட்ட நாடுகள் பலவும் பணக்கார நாடுகள் என்ற மறுப்புகள் எழுந்தன. அவற்றில் உண்மை உண்டு. ஆனாலும் எண்பதுக்கும் பதினேழுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அந்த மறுப்புகளால் மூட முடியாது. படித்திராத ஒரு பத்தியைப் படித்து அதிலிருந்து ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொன்னது அந்தத் தேர்வு. நம் தேர்வு அதை அநேகமாகக் கேட்டதே இல்லை. இந்தியா அடுத்த சுற்றில் கலந்துகொள்ளவில்லை. அது தவறான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன். காய்ச்சலைக் காட்டிய வெப்பமானியைக் கீழே வைத்துவிட்டோம்.

இன்னும் கீழே போனால் தொடக்கப் பள்ளி. ஏசர் என்ற ஊரகக் கல்வி ஆய்வு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புப் பாடம் ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2018இல் நூற்றுக்கு நாற்பது பேர் அளவில் படித்தார்கள். கொரோனாவில் பள்ளி மூடித் திறந்த பிறகு, 2022இல், நால்வரில் ஒருவர் அளவுக்கு அது இறங்கியது. இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும் என்ற திட்டங்கள் இந்தப் பள்ளத்தை நிரப்ப வந்தவைதான்.

உடனே பலர் 'ஆல் பாஸ்' முறையைக் காரணம் காட்டுவார்கள். 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் எட்டாவது வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. அதனால்தான் படிப்பு கெட்டது என்பது வாதம். 2019இல் தமிழக அரசே ஐந்தாவதுக்கும் எட்டாவதுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததும் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. கைவிட்டது சரி. ஃபெயில் போடுவதால் பிள்ளை படித்துவிடும் என்றால் 1922-23இல் முதல் வகுப்பில் இருந்த நூறு பேரும் நான்காம் வகுப்புக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் ஃபெயில் போடாததாலும் பிள்ளை படித்துவிடவில்லை. இந்த இரு தரப்புச் சண்டைக்கு நடுவில் செய்ய வேண்டிய வேலை ஒன்று செய்யப்படாமல் கிடக்கிறது. அதைப் போன ஆண்டு ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் கண்ணால் பார்த்தேன்.

ஏழாம் வகுப்பு. ஒரு பெண் எழுந்து நின்று சமூக அறிவியலில் மூன்றாவது கேள்விக்கான விடையை ஒரு மூச்சில் ஒப்பித்தாள். ஒரு சொல் பிசகவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தேன், கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. பக்கத்தைத் திருப்பி, இன்னும் நடத்தாத பாடத்தில் நான்கு வரியைக் காட்டி, "இதப் படி கண்ணு" என்றேன். விரலை எழுத்தின் கீழ் வைத்தாள். "க... ட... ற்... க..." என்று கூட்டினாள். 'கடற்கரை' என்ற சொல் வருவதற்குள் அவள் முகம் வியர்த்துவிட்டது. ஒப்பித்த விடையும் அழகான நோட்டும் அவளைத் தேர்வில் தேறவைத்திருக்கும். ஆறு வகுப்பு அப்படித்தான் கடந்திருக்கிறாள். அவள் பாட்டி கைநாட்டு. அம்மா எட்டாவதோடு நின்று பனியன் கம்பெனிக்குப் போனவர். அந்த வீட்டில் ஒன்பதாவதைத் தொடப்போகும் முதல் பெண் இவள்.

சாயங்காலம் மணி அடித்ததும் டீச்சர் அவளையும் வேறு நான்கு பேரையும் நிறுத்திக்கொண்டார். இதற்கு யாரும் அவருக்கு ஆணை போடவில்லை. ஆறு மாதமாகச் செய்கிறார். பீரோவிலிருந்து இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகங்களை எடுத்தார். ஐந்துக்கும் காக்கி அட்டை போட்டிருந்தது. அட்டையில் பெயரும் இல்லை, வகுப்பும் இல்லை. நான் பார்ப்பதைக் கவனித்து, "மேல ரெண்டுன்னு போட்டிருக்கும் சார். மத்த பசங்க பாத்தா இதுக அடுத்த நாள் வராது" என்றார். அந்தப் பெண் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, விரலை முதல் எழுத்தின் கீழ் வைத்தாள்.